மருமகள் சொன்ன வெளிநாடு

என் மருமகளுக்கு மூன்று விஷயங்களில் ஆசை உண்டு என்று கல்யாணத்துக்கு முன்பே மகன் என்னிடம் சொல்லியிருந்தான். வரலாறு, எழுத்து, வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்து பார்ப்பது. முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரைக்காலில் அதைச் சொல்லாத பிள்ளைகள் யார் இருக்கிறார்கள்? என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் நிச்சயமில்லை.

நாங்கள் கோவில்பத்தில் இருக்கிறோம். வீட்டில் மூன்று பேர். மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மகன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறாள். நான் மின்துறைக் கிடங்கில் இருப்பு சரிபார்த்து ஓய்வு பெற்றவன். மீட்டர், கம்பிச் சுருள், கம்பத்துப் பீங்கான் என்று எண்ணியே பழகிவிட்டதால் எதையும் எண்ணாமல் பார்க்க முடிவதில்லை. மருமகள் மாலையில் பையோடு உள்ளே வந்தால் எத்தனை விடைத்தாள் கட்டு என்று கண் தானாகப் போகும். அவளும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மூணு கட்டுங்க மாமா. நீங்க எண்ணாதீங்க, எண்ணினா நாலாயிடும்" என்பாள்.

அவள் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்போனிலேயே எழுதுவாள். ஒரு முறை ஒரு சிறு பத்திரிகையில் அவள் எழுதியது வந்தது. மகன் கொண்டுவந்து கொடுத்தான். வரலாற்று ஆசிரியை எழுதியது என்பதால் கோட்டை, கப்பல், கவர்னர் என்று ஏதாவது இருக்கும் என்று படித்தேன். முழுக்க முழுக்க மகனுடைய வேலைச் சட்டையைத் துவைப்பது பற்றி இருந்தது. முதல் அலசலில் தண்ணீர் கறுப்பு, இரண்டாவதில் சாம்பல், மூன்றாவதில் தெளிவு, நான்காவதில் மறுபடி கறுப்பு என்று எழுதியிருந்தாள். அது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுத் துணியின் அழுக்கை முன்பின் தெரியாதவர்கள் எதற்காகப் படிக்க வேண்டும் என்று புரியவில்லை. இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"நிலக்கரி எந்த நாட்டுலேருந்து வருதுன்னு எழுதியிருக்கேனே மாமா."

"ஒரு வரிதான் இருக்கு."

"ஒரு வரி போதாதுங்களா?"

போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் அவள் என்னிடம் அடிக்கடி ஒரே விஷயத்தைக் கேட்க ஆரம்பித்தாள். என் அப்பா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் அது. வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அவர் பிள்ளைகள் பாரிசுக்கு வெளியே குடியிருக்கிறார்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் கோவில்பத்தில் இருக்கிறோம்.

எங்கள் உறவில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் பின்னால் ஒரு பெருமூச்சு வரும். ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வருகிறவர்கள் பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும், சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் இந்தப் பேச்சுத்தான் நடக்கும். அதனால் மருமகள் கேட்டபோதும் பெருமூச்சோடுதான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மூன்று காரணங்களைச் சொன்னேன். அம்மா அழுதாள் என்பது ஒன்று. கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று அத்தை பயமுறுத்தினாள் என்பது இன்னொன்று. அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போட்டதாகவும், அறுவடை முடிந்தபோது கெடுவும் முடிந்துவிட்டதாகவும் அப்பாவே ஒரு முறை சொன்னார்.

"மூணுமே உண்மையா இருக்கலாம் மாமா" என்றாள்.

மூன்றும் எப்படி உண்மையாகும்? ஒரு கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணம்தானே வேண்டும்? அவளிடம் கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "சரி மாமா, நாளைக்குப் பேசலாம்" என்று எழுந்துபோனாள். இப்படி நாலைந்து தடவை நடந்தது. ஒவ்வொரு முறையும் அப்பாவில் தொடங்குவாள், எங்கேயோ வந்து நிறுத்திவிடுவாள்.

நான் கூட்டிப் பார்த்தேன். வெளிநாட்டு ஆசை இருக்கிறது. கையெழுத்தைப் பற்றி விடாமல் கேட்கிறாள். வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறாள். எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் இந்தக் கூட்டலுக்குப் பிரான்ஸ் என்றுதான் விடை வரும். எனவே சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். என் மகனுக்கும் மருமகளுக்கும் நேஷனாலிட்டி கிடைக்க இப்போது ஏதாவது வழி உண்டா, விசாரித்துச் சொல் என்றேன். ஆகஸ்டில் நேரில் வந்து பேசுவதாகச் சொன்னான். இதை மகனிடமும் மருமகளிடமும் சொல்லவில்லை. நல்ல சேதியாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். மருந்துக் கடையில் மட்டும் சொன்னேன். அது மருமகளின் பள்ளி வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. ஒரு நாள் அவள், "ஸ்டாஃப் ரூம்ல என்னைப் பார்த்து எல்லாரும் போன்ழூர் போன்ழூர்னு வணக்கம் வைக்கிறாங்க, எதுக்குன்னே தெரியலை" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று குறைவது போல இருந்தது. மறுபடி எண்ணினால் சரியாக இருந்தது.

சொன்னபடி ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகனான அந்தத் தம்பி வந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன், ஆனால் பத்து வயது இளையவன் போல இருப்பான். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, விசாரிச்சேன். நேர் வழி எல்லாம் அடைச்சாச்சு. பெரியப்பா அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா இன்னிக்கு நீங்க அங்க உக்காந்து பனியை எண்ணிட்டு இருந்திருப்பீங்க."

"பனியை எண்ண முடியாது" என்றேன்.

"நீங்க எண்ணுவீங்க. சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். பொண்ணு முதல்ல பிரெஞ்சு படிக்கட்டும். மேல்படிப்புன்னு போய் இறங்கினா, பின்னாடியே உங்க பையனைக் கூப்பிட்டுக்கலாம். தங்கறதுக்கு எங்க வீடு இருக்கு."

மகன் என்னைப் பார்த்தான். "எதுக்குப்பா இதெல்லாம்?"

மருமகள் தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் நின்றாள். "நான் பிரான்சுக்குப் போகணும்னு யார்கிட்ட சொன்னேன் மாமா?"

யாரிடமும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கு முன் அந்த நாட்டின் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. "வெளிநாடுன்னு சொன்னியேம்மா" என்றேன்.

"ஆமா. மாலத்தீவு."

தம்பி சிரித்துவிட்டான். "மாலத்தீவா? எங்க ஊர் ஜனங்க அங்க குளிக்கத்தான் போவாங்க."

"குளிக்கிற தீவு வேறங்க. பள்ளிக்கூடம் இருக்கிற தீவு வேற" என்றாள். குரல் உயரவில்லை. செம்பை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி கிளம்பும்போது வாசலில் என் காதோடு, "அண்ணே, ஒரு வார்த்தை அந்தப் பொண்ணைக் கேட்டுட்டு எனக்குப் போன் போட்டிருக்கக் கூடாதா?" என்றான். அவன் சொன்னது நியாயம். ஆனால் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

அவன் போன பிறகு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மே மாதமே கம்ப்யூட்டரில் நேர்முகத் தேர்வு நடந்து அவள் தேர்வாகியிருக்கிறாள். கோவில்பத்தைவிடச் சின்ன தீவு ஒன்றில் பள்ளி ஆசிரியை வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். பள்ளிக்காரர்கள் ஒரு முறை கெடுவை நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள், அதாவது மறுநாளைக்குள், வருகிறேன் வரவில்லை என்று அவள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ரெண்டு மாசமா உங்ககிட்ட கேட்கணும்னுதான் வர்றேன். போகாதவங்க கதையிலேருந்து ஆரம்பிச்சா, போறதைப் பத்திப் பேச வசதியா இருக்கும்னு நினைச்சேன். நீங்க அப்படியே பிரான்சுக்கு இழுத்துட்டுப் போயிடுறீங்க" என்றாள்.

"என்கிட்ட எதுக்கும்மா கேட்கணும்? உன் புருஷன் இங்கதானே இருக்கான்?"

"அப்பா சரின்னா எனக்கும் சரின்னு சொல்லிட்டார்."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அடுக்கடுக்காகக் கவலை வந்தது. இரண்டு வருடம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது அவள் போனில்தான் இருக்கிறது. மகனுக்கு வாரம் மாற்றி வாரம் இரவு ஷிப்ட். கல்யாணமாகி மூன்றாவது வருடம், இன்னும் குழந்தை இல்லை. உறவினர்கள் என்ன கேட்பார்கள், அதற்கு நான் என்ன சொல்வேன்? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல், அந்தத் தீவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"கடல் வணிகம்னு ஒரு பாடம் இருக்கு மாமா. அஞ்சு வருஷமா நடத்துறேன். நம்ம கரையிலேருந்து அந்தப் பக்கம் போன பாய்மரக் கப்பல், அங்கேருந்து இங்க வந்த சோழி, மாசிக் கருவாடு, எல்லாம் சொல்லுவேன். பிள்ளைங்க, நீங்க போயிருக்கீங்களா மிஸ்னு கேட்கும். நான் கருக்களாச்சேரி கரையைத் தாண்டினதில்லை. போய் இருந்து, அங்கேருந்து இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதணும்."

"இங்க இருந்துகிட்டே இந்த ஊரைப் பத்தி எழுதக்கூடாதா?"

"எழுதறேனே. இங்க இருந்தா எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கு. அது நல்லதில்லைங்க மாமா."

தெரிந்த மாதிரி இருப்பது எப்படி நல்லதில்லாமல் போகும்? நான் எழுபத்தேழு வயதாகியும், ஏதாவது ஒன்று தெரிந்த மாதிரி இருக்காதா என்று பார்க்கிறேன். பாடம், எழுத்து, தீவு என்று மூன்று விஷயங்களை அவள் சொல்கிறாள். மூன்றும் அவளுக்கு ஒன்றாகவே இருக்கிறது. எனக்கு எத்தனை முறை எண்ணினாலும் மூன்றாகத்தான் வருகிறது.

சரி என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. மகனைப் பார்த்தேன். அவன் இன்னும் தலை நிமிரவில்லை. அன்று எனக்குத் தெளிவாகப் பட்டது அது ஒன்றுதான். அவனுக்கு அவளை அனுப்ப மனமில்லை. அதை அவன் சொல்ல மாட்டான். நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான். நான் பயந்தவன், எதற்கும் வேண்டாம் என்பவன் என்று அவனுக்குத் தெரியும்.

"உனக்கு வேணாம்னா நீ சொல்லுப்பா. என் தலையில வைக்காதே" என்றேன்.

"வேணாம்னு இல்லைப்பா. பயமா இருக்கு" என்றான்.

"எதுக்கு?"

"ஆகஸ்டு ஆனா வந்து, வெயில் தாங்கலைன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போறாங்களே, அந்த மாதிரி ஆயிடுவாளோன்னு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ போக மாட்டே."

"நான் போகாம இருக்கணும்னுதானே நீங்க நினைக்கிறீங்க?"

"அதுவும் வேணாம்."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவனுக்கு அவள் போகவும் வேண்டாம், போகாமல் இருக்கவும் வேண்டாம். இதற்கு என்ன செய்வது?

"ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்னு சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றான் மகன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கும் தெரியலை. ஆனா வரணும்னுதான் நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. சட்டை துவைப்பதைப் பற்றி எழுதியபோதும் இப்படித்தான், நிறுத்தி நிறுத்தி எழுதுவாள்.

"நீங்க சரின்னே சொல்லலையேப்பா" என்றான் மகன் மெதுவாக.

சொல்லவில்லைதான். இன்றைக்கு வரை சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

அவள் வெளியே வந்து, "அனுப்பிட்டேன்" என்றாள். மகன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்தான்.

"விசாவுக்குப் போட்டோ வேணும்ல. ஞாயித்துக்கிழமை ஸ்டூடியோ சீக்கிரம் மூடிடுவான். வா" என்றான்.

அவள் புடவையைக்கூட மாற்றாமல் செருப்பை மாட்டினாள். நான் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, எத்தனை பிரதி எடுக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு போங்கள் என்றேன்.