ஒரே டேக்கில் வந்த அழுகை

ஏழு வயதில் தொலைக்காட்சித் தொடரில் நடிக்க வந்தேன். மகள், தங்கை, தோழி, வில்லனின் மனைவி என்று வளர்ந்து, இப்போது முப்பத்தாறு வயதில் பாட்டி வேடம். என்னைவிட மூன்றே வயது இளைய நடிகர் எனக்கு மகன்.

இதற்கெல்லாம் தொடக்கம் போடிக்குப் பக்கத்தில் குரங்கணியில் எடுத்த ஓர் அழுகைக் காட்சி. அன்று எனக்கு அழுகையே வரவில்லை. உதவி இயக்குநர் ஓடிவந்து, "பாப்பா, போடிமெட்டுல ஜீப் கவிழ்ந்திருச்சு. உங்கம்மா அதுலதான் இருந்தாங்களாம்" என்றார். என்னைச் சித்தியோடு அனுப்பிவிட்டு அம்மா ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போயிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். மண்ணில் புரண்டு கதறினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அம்மா முழுதாக வந்து நின்று அந்த மனிதரைக் கண்டபடி ஏசினார். இருபத்தொன்பது வருடம் நான் அவரை வெறுத்தேன். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மாதம் போடிமெட்டில் படப்பிடிப்பு. போடியில் இருக்கும் அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். பேத்தியாக நடித்த ஆறு வயதுப் பெண்ணுக்கு அழ வரவில்லை. அவளுடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். என் அம்மா நாற்காலியை இழுத்து அவளருகே போட்டார்.

"எதுக்கு ஆத்தா கலங்குற? நீ வேனுக்குள்ள போயி ஒளிஞ்சுக்க. ஒனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பிள்ளகிட்டச் சொல்லச் சொல்லு. எம்மகளுக்கு ஜீப்பு கவுந்துருச்சுன்னு சொல்லச் சொன்னதே நாந்தேன். ஒரே டேக்கு!"

என் கையிலிருந்த டீ சேலையெல்லாம் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. குழந்தையின் அம்மா நிஜமாகவே வேனுக்குப் போக எழுந்தாள்.

"பிள்ளைகிட்ட யாராவது அப்படிச் சொன்னா நான் நடிக்க மாட்டேன்" என்று கத்தினேன். கடைசியில் குழந்தையின் கண்ணில் கிளிசரின் விட்டு எடுத்தார்கள்.

மதியம் அந்தப் பழைய உதவி இயக்குநரின் எண்ணைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "உங்கம்மாதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க" என்றார்.

மாலையில் காரில் மலையிறங்கும்போது கேட்டேன், "ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"நீ அழலேன்னா வேற பிள்ளயக் கொண்டாந்துருப்பாக. நீயும் என்கூட ஜீப்புல தொங்கிக்கிட்டுத் தோட்டத்துக்குத்தேன் வந்துருப்ப."

"நான் எப்படித் துடிச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வேனுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இரண்டு வளைவுகள் நடந்தேன். கார் பின்னாலேயே மெதுவாக வந்தது. பிறகு நானே ஏறிக்கொண்டேன்.

இப்போதும் தினமும் போன் பேசுகிறோம். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். அத்தோடு போனை வைத்துவிடுகிறேன்.