மாடியிலிருந்து எண்ணிய உயரம்

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் பள்ளியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம், ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. நிப்றாஸ் காக்கா மவுத்தாகிவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று காலையில் தானே நடந்துபோய் ஓட்டோவில் ஏறியவர். அன்று இரவே இஷாவுக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள்.

எனக்கு மூத்த, கூடப்பிறந்த ஒரே காக்கா. கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பது அவருடைய தொழில்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் ஆள் திரும்ப இடமிருக்காது. ட்ரோனை வைத்து எழுப்ப வெறும் நிலம் கிடையாது. அதனால் படக்காரர்கள் எல்லோரும் மொட்டைமாடியிலிருந்துதான் ஏற்றுவார்கள். காக்கா அனுமதியில் சொன்ன உயரத்தைக் கருவியில் எல்லையாகப் போட்டுவிடுவார். அதைத் தாண்டி ட்ரோன் ஏறாது என்பதால் அவருக்கு ஒரு நிம்மதி. ஆனால் கருவி தான் கிளம்பிய இடத்தைத்தான் பூச்சியமாக எடுக்கும். அனுமதியோ தரையிலிருந்து கணக்கு.

போன வருடம் ஒரு கல்யாணத்தன்று கரையோரமாக ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. அதிலிருந்தவர்கள் ட்ரோனைக் கண்டு முறையிட்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து, அனுமதி தந்த விமானத் துறை அதிகாரி ஒருவர் போன் எடுத்தார்.

"எங்கயிருந்து ஏத்தினீங்க?"

"மூணாம் மாடில இருந்து, சேர்."

"அப்ப நிலத்திலயிருந்து எவ்வளவு உயரம்?"

காக்கா அந்த மாடியை அளந்ததே இல்லை.

அனுமதியை நிறுத்திவிட்டார்கள். கொழும்புக்கு வந்து வான்பரப்பு விதிகளில் வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் திருப்பித் தருவார்கள். இன்னொரு தரம் உயரம் மீறினால் அதோடு சரி. நோன்புக்கு முன் கல்யாணங்கள் குவிகிற காலம் அது. காக்கா வீட்டில் குந்தியிருந்தார்.

அவர் படித்ததெல்லாம் குசினித் தரையில்தான். சின்னப் பீங்கான் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹனை வைப்பார்.

"இஞ்ச பாருகா தங்கச்சி. நடுவுல ஏர்போட். சின்னப் பீங்கான் நிலத்தோட ஒட்டி இரிக்கி. இதுக்குள்ள டவர்ல கேக்காம ஓரடியும் எழும்ப ஏலா. சஹன் அகலம், ஆனா நிலத்தில முட்டல்ல. அதுக்குக் கீழதான் நம்மட இடம்."

"அப்ப சஹன் முட்டுமட்டும் பறக்கலாமா?"

"இல்லகா. அங்கயும் நமக்குத் தந்த உயரம்தான். அதுக்கு மேல வேற ஆக்கள் வருவாங்க."

வானத்தின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விதி. அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போவார். காக்காவின் மனைவி, றுகையா மச்சி, அடுப்படியில் நின்று சத்தம் போடுவா: "பீங்கான் உடைஞ்சா வானமும் உடையும், சொல்லிட்டன்!"

முதல் தடவை கொழும்புக்குப் போனபோது அதிகாரி லீவு. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து, கால் வீங்கி இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். இரண்டாம் தடவை பாஸ். அனுமதி கையில் கிடைத்த அன்றும் சிரிக்கவில்லை. "இனிக் கணக்குப் பிழைக்கப்படாது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கல்யாண வீடு பேசினால், முதலில் அந்த வீட்டு மாடியை அளக்கத் தொடங்கினார். மாடிச் சுவரிலிருந்து தரைவரை அளவு நாடாவை இறக்குவார். வந்த அளவை அனுமதி உயரத்திலிருந்து கழித்து, மிச்சத்தைத்தான் கருவியில் போடுவார். அதனால் படத்தில் ஊர் முன்னைப்போல விரிந்து தெரியாது; மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். கூடத் தொழில் செய்யும் ஸிராஜ் ஒருநாள் கீழே நின்று கேட்டான்:

"என்ன மச்சான், கல்யாணம் எடுக்க வந்தியா, வீட்ட விலைக்கு எடுக்க வந்தியா?"

"நீ சிரி. உன்னையும் ஒருநாள் கேப்பானுகள், நிலத்திலயிருந்து எவ்வளவு எண்டு. அப்ப வா."

"அல்லாஹ், அந்த நாடாவையும் சேத்துத் தா அப்ப!"

இந்த வருடம் நோன்புக்கு முன்னம் ஐந்து கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார். நான்கு வீட்டு மாடிகளை அளந்து முடித்தார். ஐந்தாவது மருதமுனையில், அப்துல் ஸமட் ஹாஜியாரின் வீடு. மவுத்தாவதற்கு முந்தின நாள் பின்னேரம் போயிருக்கிறார். மாடிக் கதவு பூட்டியிருந்ததாம், பூட்டுத் திறப்பு ஹாஜியாரின் மகனிடமாம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அந்த மாடி இன்னும் அளக்கப்படவில்லை.