உறுவையாறு காதுகுத்தும் இரண்டு காணி நிலமும்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு போனேன். என்னோடு வேலை பார்க்கும் செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. வயல், கோயில், விருந்து என்று இந்த வலைப்பூவுக்கு நாலு வரி தேறும் என்றுதான் கிளம்பினேன். திரும்பியது வயிற்றெரிச்சலோடு.

புதுச்சேரியில் காலை ஏழரைக்கு வில்லியனூர் பஸ். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். வழியெல்லாம் கரும்பும் நெல்லும்.

"காதுகுத்துக்கா அக்கா? மாமன் வண்டி இப்பத்தான் சீர்தட்டோட போச்சு" என்றார் ஓட்டுநர்.

கோயிலில் தட்டுகள் இருந்தன, ஊசியோடு ஆசாரி இருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அதாவது செல்வியின் அண்ணன், உட்கார மறுத்து நின்றார். இறந்துபோன அப்பா விட்டுச்சென்ற இரண்டு காணியில் செல்வி தன் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.

"நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து கையெழுத்து போடறேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லு. அப்பத்தான் உக்காருவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயில் எழுதாமல் போன அப்பாவின் சொத்தில் மகளுக்கும் சரிபங்கு உண்டு என்று சட்டத்தைச் சொன்னேன்.

"சட்டமா வந்து சீர் செய்யும்?" என்றார் ஒருவர். "கல்யாணத்துல நகை போட்டாங்களே, அது இன்னா?" என்றார் இன்னொருவர். அந்த நகையை அடகு வைத்துத்தான் அண்ணன் டிராக்டர் வாங்கினார் என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நல்ல நேரம் முடியப்போனது. குழந்தை வீறிட்டது. "மாமன் மடி இல்லாம குத்துனா ஊர் இன்னா பேசும்?" என்று மாமியார் வேறு. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

"நில்லு செல்வி" என்று அண்ணனின் மனைவி முன்னால் வந்தாள். நிலம் கைமாறினால் லாபம் அவளுக்கும்தான். மணையில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"குத்துங்க ஆசாரி. மாமன் வரலன்னா அத்தை மடி."

"இன்னாடி பண்ற?" என்று சீறினார் அண்ணன்.

"நம்ம பையன் காதுகுத்துக்கு நானும் எங்கண்ணனுக்கு இப்டித்தான் கையெழுத்து போட்டேன். அப்புறம் நம்ம வூட்டுப் பக்கம் அவன் எட்டிப்பாத்தானா?"

ஆசாரி குத்தினார்.

உறுவையாறு போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மாசி வெயிலே சுடுகிறது. பிறந்த வீட்டு நிலத்துக்கு யாராவது கையெழுத்துக் கேட்டால், போடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். பதிவான பிறகு மீட்பது பெரும்பாடு. வக்கீல் கிடைக்காவிட்டால், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணிடமாவது கேளுங்கள்.