மரத்தின் மேலிருந்து கேட்ட குரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டும் வேலையில் இருந்தேன். கணவருக்கு அங்கேயே சூளையில் வேலை. உடன் வேலை செய்பவர்களும் நாங்களுமாகக் குடும்பத்தோடு ஒரு வேன் பிடித்துத் திருச்செந்தூர் கிளம்பினோம். சாமி கும்பிட்டு முடித்ததும் டிரைவர், பக்கத்தில் தேரிக்காடு இருக்கிறது, சிவப்பு மணல் மேடு மேடாகப் பாலைவனம் போலிருக்கும், நடுவே முந்திரியும் பனையும் நிற்கும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் பார்க்காத செம்மண்ணா, முந்திரியா என்று அலட்சியமாகத்தான் இறங்கினேன்.

பார்த்ததும் அந்த அலட்சியம் போய்விட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டி வைத்தது மாதிரி மணல். கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டதும் எல்லோரும் வேன் நிழலில் கண் அசந்தார்கள். எனக்கோ ஒதுங்க வேண்டும். பக்கத்தில் தூங்கியவளை எழுப்ப மனம் வரவில்லை. நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மேட்டைத் தாண்டினேன். அங்கிருந்தும் வேனின் கூரை தெரிந்தது. கூச்சத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று தாண்டிக்கொண்டே போய்விட்டேன்.

திரும்பும்போதுதான் வினை. அடித்த காற்றில் எங்கள் கால் தடம் ஒன்றுகூட இல்லை. எந்த மேட்டில் ஏறிப் பார்த்தாலும் அடுத்த மேடுதான் தெரிந்தது. கூப்பிட்ட குரலைக் காற்று வாரிக்கொண்டு போனது. உச்சி வெயில். மகள் தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு குத்துமதிப்பில் நடந்தேன்.

அப்போது ஓர் ஆண் குரல் கேட்டது. தூரத்தில் ஒரு பனை மரத்தின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து, கையை வீசி வீசி ஏதோ கத்தினார். என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. ஆள் அரவமற்ற காடு, தனியாக நான், முகம் தெரியாத ஆண். எனக்குத் தோன்றியது ஒன்றுதான், ஓடு. அவர் கத்தக் கத்த எதிர்த் திசையில் ஓடினேன். ஒரு செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் உதறிவிட்டு ஓடினேன். மணல் அடுப்பு மாதிரி சுட்டது. கடைசியில் கால் வைக்க முடியாமல் ஒரு முந்திரி மரத்தடியில் விழுந்தேன். மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். வாய் உலர்ந்து, என் தோளில் துவண்டு கிடந்தாள். உயிர் போகிற பயம் அது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, "ஏ தாயி" என்று ஒரு பெண் குரல். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு ஓர் அம்மா மூச்சிரைக்க வந்தார். முதலில் மகளைத்தான் வாங்கினார். முகத்தைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினார். அவள் கண்ணைத் திறந்து இன்னும் வேண்டும் என்று வாளியைப் பிடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். கொப்புளம் கண்டிருந்த என் பாதத்தைப் பார்த்ததும் தலைத் துண்டை இரண்டாகக் கிழித்துக் கட்டிவிட்டார்.

நாங்கள் இங்கே இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர்தான் மரத்துல இருக்காவ. வேனு அந்தால நிக்கி, இந்தப் புள்ள இந்தால போவுதுன்னு கத்தியிருக்காவ. நீ மிரண்டு ஓடவும், நான் எறங்கி வந்தா இன்னும் மிரளும், நீ போன்னு என்னைய அனுப்பிட்டாவ."

நான் எங்கே ஓடுகிறேன் என்று மேலிருந்தே பார்த்துப் பார்த்து, தன் மனைவிக்குத் திசை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மகளை அந்த அம்மாவே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். வழியில் அவர்கள் குடிசை. வெல்லம் கருகிய நெடி மூக்கில் ஏறியது. பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்பை அப்படியே விட்டு ஓடி வந்திருக்கிறார். பாகு முழுவதும் தீய்ந்து கரியாகியிருந்தது. என்னால்தானே என்று அழுதேன்.

"அது கெடக்கு தாயி. புள்ள தண்ணி குடிச்சிச்சு, அது போதும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பனை மரத்தைக் கடந்தபோது அண்ணாந்து பார்த்தேன். அந்த வெயிலில் அவர் இன்னும் மேலேயேதான் இருந்தார். முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. கை மட்டும் வேன் நின்ற திசையைக் காட்டியது. இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் பார்த்தாரோ இல்லையோ தெரியாது.

வேனருகே எல்லோரும் வேறு பக்கம் தேடி அலைந்து, சோர்ந்து நின்றிருந்தார்கள். என் கணவர் மகளை வாங்கிக்கொண்டு, "பயந்தே பூட்டேன்" என்று மட்டும் சொன்னார். நடந்ததைக் கேட்டதும் அந்த அம்மாவின் காலில் விழப் போனார். அவரோ, அடுப்பைக் கவனிக்கணும் என்று சொல்லிவிட்டு வந்த வழியே வேகமாக நடந்தார்.

மகளுக்கு இன்று கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. என்னால் மறக்க முடியவில்லை. உதவ வந்தவரைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஓடினேன். அவரோ அதற்காகக் கோபப்படாமல், ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தில் எதனால் பயம் வரும் என்று யோசித்து, தான் கீழே இறங்காமலே என் குழந்தையைக் காப்பாற்றினார். நான் முகத்தைக்கூடப் பார்க்காத அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், பயந்து நிற்பவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மறுபடியும் கற்றுக்கொள்கிறேன்.