பந்தில் பூக்கட்டிப் பார்த்தது

நான் விளையாடினவன் இல்லை. கூடைப்பந்தை ஒருநாளும் கையால் தொட்டு எறிந்ததில்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன். மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் முதல் இருந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு சிமெந்துத் தளம் இருந்தது. பனி கரைந்த அன்றே ஹெயிட்டிப் பெடியள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். யன்னலில் நின்றுதான் விதிகளைப் பழகினேன். பிறகு ரீவி வந்தது. ரொறன்ரோ அணி ஆடுகிற நாளில் சோற்றுக் கோப்பையோடு கதிரையில் இருந்தால் எழும்ப மாட்டேன்.

அந்தக் காலத்து ஆட்டம் வேறு. மலை மாதிரி ஒருவன் கூடைக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பந்தை அவனிடம் கொடுத்தால் இடித்து இடித்து உள்ளே போவான். இப்போது அந்த மலைகளும் தூரத்தில் நின்று எறிகின்றன. தூரத்திலிருந்து விழுந்தால் மூன்று புள்ளி, எல்லோருக்கும் அந்தப் பைத்தியம். வேலையில் என்னோடு பெட்டி அடுக்குகிற ஹெயிட்டிக்காரர் இதை விளையாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், கல்லெறி என்பார். நானும் தலையாட்டுவேன். ஆட்டி முடித்து அன்று பின்னேரமே போய்ப் பார்ப்பேன்.

மாறாதது ஃப்ரீ த்ரோ ஒன்றுதான். எதிராள் பிழையாக இடித்துவிட்டால், கோட்டில் தனியே நின்று, ஒருவரும் மறிக்காமல், கூடைக்குள் எறியப் பந்து தருவார்கள். அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் ஒரு ஆள் தனியாக மூச்சை இழுத்து விடுகிற அந்த நேரம் எனக்குக் கோயிலில் திரை விலகப் போகிற நேரம் மாதிரி இருக்கும். என் கெட்ட பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

ஒரு காரியத்தில் மனம் தடுமாறினால் எங்கட ஆட்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. சுவாமிக்கு முன்னால் போட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நல்லது. என்ன கேள்வி என்று எடுக்கிற பிள்ளைக்குச் சொல்வதில்லை. நான் அதை ரீவிக்கு முன்னால் இருந்து செய்தேன். முருகா, இந்தப் பந்து விழுந்தால் என்னை வேலையில் நிரந்தரமாக்குவார்கள். இது விழுந்தால் தம்பியைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் சரிவரும். விழுந்தால் கும்பிடுவேன். விழாவிட்டால் அடுத்த பந்துக்கு மாற்றிக் கேட்பேன். பகிடி மாதிரித்தான் இருந்தது.

மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி அணிக்கு ஆடத் தொடங்கின பிறகு ரீவி ஆட்டம் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது. சம்பளத்துக்கு ஆடுகிறவன் தவறவிட்டால் சுவிங்கத்தை மென்றுகொண்டு திரும்பி ஓடுவான். அவனுக்கு நாளையும் ஆட்டம், நாளையின்றைக்கும் ஆட்டம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ஏலாது. தவறவிட்டவுடனே பார்க்க வந்து வாங்கில் இருக்கிற தாய்தகப்பனைத்தான் திரும்பிப் பார்க்கும்.

இந்த மாசி மாதம் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை என்றார்கள். மகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"அவள் இந்த மட்சுகளை ஆடி முடிக்கட்டும். பேந்து சொல்லுவம்" என்றார் மனைவி.

செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். கடைசி விநாடிகளில் எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளி பின்னால். மகளை இடித்து விழுத்திவிட்டார்கள். இரண்டு பந்து. முதலாவது விழுந்தது, சமநிலை. இரண்டாவது பந்தை அவள் நிலத்தில் தட்டிக்கொண்டு நிற்கும்போது, நான் நினையாமலே, வாய் கேட்டுவிட்டது. முருகா, இது விழுந்தால் பிள்ளையின் தாய்க்கு ஒன்றுமில்லை.

பந்து வளையத்தில் பட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. வெளியே விழுந்தது.

மேலதிக நேரம் கொடுத்தார்கள், எங்கள் பிள்ளைகள் வென்றும் விட்டார்கள். எல்லாத் தாய்தகப்பனும் எழும்பி நின்று கத்தினார்கள். நான் மட்டும் வாங்கிலேயே இருந்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் கையைத் தூக்கினவள் இறக்கிவிட்டாள்.

காரில் கேட்டாள், "அப்பா, வெண்டிட்டம் எல்லோ. ஆரோ செத்த மாதிரி ஏன் இருக்கிறியள்?"

"வாயை மூடு!"

பிள்ளையை நான் அப்படி ஒருநாளும் ஏசினதில்லை.

"ஒரு ஃப்ரீ த்ரோ தானே" என்று சொல்லிவிட்டு, காதுக்குள் பாட்டைச் செருகிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஞாயிறு கோயிலுக்குப் போனேன். தலையை நிமிர்த்தி முருகனைப் பார்க்க முடியவில்லை. வெள்ளை வரும்வரை திரும்பத் திரும்பப் பூக்கட்டக் கூடாது. கேட்டது கேட்டதுதான். வீட்டுக்கு வர மனைவி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கட்டி எனக்கு. முகம் உங்களுக்கு ஏன் வீங்கியிருக்கு?"

பந்தை வைத்துக் கேட்டதைச் சொல்லிவிட்டேன். முதல் சிரித்தார். "உங்கட முருகனுக்கு ஆறு முகம், பன்னிரண்டு கை. பதில் சொல்ல அவருக்குப் பந்தும் வேணுமோ?" பிறகு சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ர உயிரைக் கொண்டுபோய் அவளின்ர கையிலயோ குடுத்தனீங்கள்? அவளைக் கேட்டனீங்களோ?"

"அவளுக்கு ஒண்டும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும் தானே. நாளைக்கு எனக்கு ஒண்டு எண்டால், நீங்கள் அந்தப் பிள்ளையின்ர முகத்தை எப்பிடிப் பாப்பியள்?"

அதுவரை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு.

டொக்டர் ஒரு பெண், பிரெஞ்சில்தான் கதைப்பா. எங்களுக்கு வருகிற பிரெஞ்சு கடையில் சாமான் வாங்கத்தான் காணும். ஆகவே மகளைக் கூட்டிப்போவது, கட்டியைப் பற்றிச் சொல்வது, பந்துக் கதையைச் சாகும்வரை சொல்வதில்லை என்று மனைவி முடிவெடுத்தார். அன்றைக்கே மகளை இருத்திச் சொன்னோம்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"மூண்டு கிழமை" என்றார் மனைவி.

"வாற கடிதமெல்லாம் நான் தானே உங்களுக்கு வாசிச்சுத் தாறன். இதை மட்டும் ஒளிச்சனீங்களோ?" போய்த் தாயின் மடியில் படுத்துக்கொண்டாள், அவ்வளவு உயரமான பிள்ளை.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம். மனைவி முகம் கழுவ எழும்பிப் போனார். மகள் என் பக்கம் சரிந்தாள்.

"அப்பா, சிரிக்கக் கூடாது."

"இல்லை, சொல்லு."

"அடுத்ததா அந்தக் கதவால வாறது பொம்பிளை எண்டால் அம்மாவுக்கு ஒண்டுமில்லை எண்டு மனசுக்குள்ள சொன்னனான்." கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "ஆம்பிளை வந்திட்டார்."

இதை நான் அவளுக்குப் பழக்கிக் கொடுக்கவில்லை. என் பழக்கம் அவளுக்குத் தெரியவும் தெரியாது. நானும் அப்படித்தான் கேட்டேன் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாயிருக்கும். எதை வைத்துக் கேட்டேன் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

"அந்த மனுசன் தன்ர வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்தவர், பிள்ளை. அவருக்கு எங்கட அம்மாவைப் பற்றி என்ன தெரியும்?"

"ஓம், அது சரி" என்றாள். நம்பினாள். நான் சொன்னதை நானும் நம்பப் பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டொக்டர் கதைக்கத் தொடங்க, நான் மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவளுடைய சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாடா அவிழ்ந்து கிடந்தது. டொக்டர் நிறுத்தினா. மகள் மூச்சு விட்டாள்.

"கெட்ட கட்டி இல்லையாம் அம்மா. ஆறு மாதத்தில திரும்பவும் படம் எடுக்கவாம்."

"வடிவா விளங்கினதோ? இன்னொருக்காக் கேள்" என்றார் மனைவி.

கேட்டாள். "அதைத்தான் சொல்லுறா, அம்மா. அதே வசனம்."

முருகா என்று நான் கதிரையிலிருந்தே கைகூப்பினேன். டொக்டர் சிரித்தா. அதோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆறு மாதம் என்றால் ஆவணி. அதற்குள் எத்தனை ஆட்டம், எத்தனை தரம் ஒரு ஆள் கோட்டில் வந்து தனியாக நிற்கும்? இந்த வாயை நான் நம்பமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மனைவியும் ஆட்டத்துக்கு வந்தார். மகள் கோட்டுக்கு வர, நான் எழும்பி வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று தண்ணீர் குடித்தேன். இரண்டு தரம் வந்தாள், இரண்டு தரமும் போனேன்.

வீட்டுக்கு வரும்போது பின் ஆசனத்திலிருந்து மகள் தாயிடம் மெல்லச் சொன்னாள், "அப்பாவுக்கு என்னில நம்பிக்கை இல்லைப் போல. நான் எறியிறதைப் பாக்கவே மாட்டாராம்."

"அவருக்குத் தாகம், பிள்ளை" என்றார் மனைவி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன்.