அக்கா வீட்டு முன்கதவு

எனக்கு அப்போது ஏழு வயது. உலகத்தில் இரண்டாவது பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் அது முன்கூட்டியே தொடங்கிவிட்டது. காரணம் ஒரு கதவு.

எங்கள் பகுதியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்தால் அடுத்ததாக எழும்ப வேண்டியது வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவார். அக்காவுக்கு வீடு கட்டி முடிக்க உன்னிச்சையில் இருந்த எங்கள் வயல் மூன்று போகம் விளைய வேண்டியிருந்தது. தன்னாமுனையில், வாவிக் கரையில், எங்கள் வீட்டு வளவிலேயே அது எழும்பிற்று. முகப்பு தண்ணீரைப் பார்த்தபடி. சுவருக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த அன்று, கண் கூசுகிறது என்று அம்மா சந்தோஷமாகக் குறைபட்டுக்கொண்டாள். மிச்சம் இருந்தது முன்கதவு மட்டும்தான்.

அப்பா பச்சை என்றார். பட்டணத்தில் துரைமாரின் பங்களாக் கதவுகளெல்லாம் பச்சையாம். அம்மாவின் தம்பியான மாமா மண்ணைப் போன்ற கபில நிறம் என்றார். அழுக்குத் தெரியாது, கௌரவமாக இருக்கும் என்பது அவர் கட்சி. மாப்பிள்ளையின் தாய் அப்பாவின் சொந்த அக்கா, எனக்கு மாமி. அவர் சித்தாண்டியிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியதும் இறங்காததுமாக, “நீலம்தான்” என்றார். தன் வீட்டுக் கதவு நீலமாம். பிறந்ததிலிருந்து நீலக் கதவைத் திறந்து பழகிய மகனாம்.

பெயின்ற் அடிக்க ஏறாவூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெரியவர்கள் முதல் நான் வரை எல்லோரும் அவரை, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில், நானா என்றுதான் அழைத்தோம். பொடியை எண்ணெயில் குழைத்து நிறம் செய்வதில் அவர் கெட்டிக்காரர். சண்டை பிடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை.

“மூணு பேரும் மூணு நிறம் சொல்றீங்க. மூணையும் பூசிக் காட்டுறன். பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றார்.

மேலே பச்சை, நடுவே கபிலம், கீழே நீலம் என்று மூன்று பட்டைகள் பூசினார். பார்த்தார்கள். பார்த்த பிறகு மூவரும் முன்பைவிட உறுதியாகிவிட்டார்கள். அவரவர் நிறம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டதல்லவா!

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. நானாவுக்கு வேலை இல்லை. தேத்தண்ணி மட்டும் வேளைக்கு வேளை கிடைத்தது. அக்காதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டு நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருப்பாள். நிறங்களின் விலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மாமாவுக்குக் கோபம் வந்தது.

“உங்கட வீடு, உங்கட கதவு. நான் ஆரு? கல்யாணத்தையும் நீங்களே நடத்துங்க. நான் வரமாட்டன்” என்றார்.

தாய்மாமன் நிற்காத கல்யாணம் எங்கள் ஊரில் கல்யாணமே அல்ல. மாமியோ, “என்ட மகன் வாழப்போற வீட்டில எனக்கு ஒரு சொல்லு இல்ல. வண்டியக் கட்டு” என்று வண்டிக்காரனைக் கூப்பிட்டார். அம்மா அடுப்படியில் அழத் தொடங்கினாள். அம்மா அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கிட்ட இழுத்து முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“இஞ்ச பாருகா. மாமாட்டப் போய் நான் சொல்லித்தாறதக் கேளு. நான் சொன்னன் எண்டு மட்டும் சொல்லப்படாது, என்ன?”

மாமா வாவிக் கரையில் தென்னையில் சாய்ந்து தனியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

“மாமா, மாப்பிள்ளை மச்சான் அக்கரைப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சிட்டு ஒவ்வொரு நாளும் தோணியிலதானே வருவார்? தண்ணியில இருந்து பார்த்தா எந்த நிறம் வடிவாத் தெரியும்?”

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வாவியைப் பார்த்தார்.

“அடி புள்ள, உனக்கிருக்கிற மூளை உன்ட அப்பனுக்கு இல்லையே!”

தோணி இறங்கியது. மாமா மட்டும் போய்ப் பார்த்துவந்து கபிலம் என்று சொல்லிவிடுவாரே என்று அப்பா ஏறினார். தம்பியான அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஏமாற்றிவிடுவார்களே என்று மாமி வண்டியை விட்டுத் தோணியில் ஏறினார். மூளைக்காரி என்பதால் எனக்கும் இடம் கிடைத்தது. ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் மூன்று பேர் ஒரே தோணியில் போவது சுலபமல்ல. மாமி தோணியின் முன்பக்கமான அணியத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்பா தண்ணீரைப் பார்த்தார். மாமா பின்னால் நின்று கம்பு ஊன்றினார்.

நடுவழியில் கம்பு சேற்றில் புதைந்துகொண்டது. மாமா கம்பை விடவில்லை. தோணி அவரை விட்டுப் போகப் பார்த்தது. “ஐயோ மச்சான்!” என்று அப்பா அலறினார். மாமி திரும்பி மாமாவின் வேட்டித் தலைப்பை எட்டிப் பிடித்தார். வேட்டியும் மாமாவும் ஒருவாறு தோணிக்குள்ளேயே தங்கினார்கள். மாமா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “பெரிய உபகாரம் மச்சாள்” என்றார். மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். தோணி ஆடிய ஆட்டத்தில் நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயில் முகப்பில் நேராக விழுந்து வீடு சங்குபோல் வெளுத்திருந்தது. கதவு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொந்து. பச்சையும் இல்லை, கபிலமும் இல்லை, நீலமும் இல்லை.

“கடவுளே, கதவு திறந்து கிடக்கு!” என்றார் மாமி.

“பூட்டித்தான் இருக்கு அக்கா. மூணு நிறமும் சேர்ந்து அப்படித் தெரியுது” என்றார் அப்பா, மெல்லிய குரலில்.

அந்த நேரம் பார்த்து அந்தக் கறுப்பின் மேல் மாம்பழ நிறத்தில் ஒன்று வந்து நின்றது. அவ்வளவு தூரத்திலும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அக்கா. கோயில் திருவிழாவுக்கென்று றங்குப்பெட்டியில் மடித்து வைத்திருந்த மஞ்சள் சேலை. தேங்காய் துருவுகிற நாளில் அதை எடுத்து உடுத்தியிருக்கிறாளே, அம்மா கண்டால் ஏசுவாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. அக்காவோ கதவை மறைத்தபடி அசையாமல் நின்றாள்.

“மச்சான், அங்க பாருங்க!” மாமா துள்ளியதில் தோணி மறுபடியும் ஆடியது. “மஞ்சள்! அதுதான் நிறம். அக்கரையில நிண்டு பார்த்தாலும் தெரியும்.”

“ஓம், என்ட மகனுக்கு வீடு தப்பாது” என்றார் மாமி.

அப்பா பச்சையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பச்சை தோற்றாலும் கபிலமும் நீலமும் வெல்லவில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் மாமா நானாவிடம் மஞ்சள் பூசச் சொன்னார். மஞ்சள் பொடிக்குப் பட்டணத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும், இரண்டு நாளாகும் என்று அப்பா கவலைப்பட்டார். ஆனால் நானா முறுவலித்தபடி சிரட்டையைக் காட்டினார். மஞ்சள் ஏற்கெனவே எண்ணெயில் குழைந்து தயாராக இருந்தது. எங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்து நான் வியந்துபோனேன்.

கல்யாணம் மாமா முன்னால் நின்று சிறப்பாக நடந்தது. அதன் பிறகு யார் வந்தாலும் மாமா அவர்களைக் கரைக்கு இழுத்துப்போய்க் கதவைக் காட்டி, தான் தோணியில் நின்று நிறம் தெரிந்தெடுத்த கதையைச் சொல்வார். வேட்டி விஷயம் அந்தக் கதையில் வராது. சொல்லி முடித்து உள்ளே வருகிறவருக்கு அக்கா வெற்றிலைத் தட்டத்தை நீட்டி, “ஓம் மாமா, உங்கட கண்ணுக்குத்தானே அது பட்டுது” என்பாள்.

நான் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். பாவம் அக்கா. அவளுடைய வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் வேண்டுமென்று அவளிடம் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கு மிகவும் இரக்கமாக இருக்கும்.