அகரத்துக் கிணற்று எஞ்சின்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் பந்தயம் என்று சொன்னால் மாட்டு வண்டிதான் நினைவுக்கு வரும். "காரு தானாத்தானே ஓடும், அதுல என்னப்பா போட்டி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சோழவரத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட பழைய ஓடுபாதையில் கார் பந்தயம் நடக்கும். முந்தைய வருடம் அதில் நான் கடைசியாக வந்தேன். எனக்கு முன்னால் வந்தவன் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் நான் கோட்டைத் தாண்டினேன். இந்த முறை கௌரவமாக ஓடி முடிக்க வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு அந்த ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது.

பந்தயம் நெருங்கும் நேரத்தில் என் காரின் எஞ்சின் விரிசல் விட்டுத் தொலைத்தது. மாற்று எஞ்சின் தேடப் போன இடத்தில்தான் என் குழப்பம் ஆரம்பம். ஒரே கம்பெனி, ஒரே அளவு, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் உள்ளே இரண்டு வகை. ஒன்று பெட்ரோலை நன்றாக அழுத்தி எரித்துச் சீறிப் பாயும். மற்றொன்று லேசாக அழுத்தும், மட்டமான எண்ணெயைக் குடித்துக்கொண்டு நிதானமாக உழைக்கும். பந்தயத்துக்கு முதல் வகைதான் வேண்டும். அடையாளம் எஞ்சின் நம்பர் தகட்டில் இருக்கும் ஓர் ஆங்கில எழுத்து மட்டுமே. எச் என்றால் பாய்வது, எல் என்றால் உழைப்பது.

கொடைரோட்டில் பிரித்துப் போட்டிருந்த ஒரு டாக்சியின் எஞ்சினில் எச் என்று பளிச்சென்று இருந்தது. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் புத்தம் புதியவை. வேறு எஞ்சினின் தகட்டைக் கழற்றி இதில் அடித்துவிட்டார்களோ? விற்பவர் பழனி முருகன் மேல் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்யச் செய்ய என் சந்தேகம் கூடியது.

இன்னொரு எஞ்சின் அகரத்தில், என் மனைவியின் அண்ணன் கிணற்று மேட்டில் இருந்தது. பழைய காரிலிருந்து எடுத்துப் பம்பு பூட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, கனகாம்பரத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார் மச்சான். அதைக் கேட்கும் எண்ணமே எனக்கு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால் தெளிவு பிறக்காதா என்று பார்க்கப் போனேன். அவரோ ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதற்கு ஒரு கோட் பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் அப்பிவைத்திருந்தார். நம்பர் தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு. எழுத்து எச் மாதிரியும் இருந்தது, எல் மாதிரியும் இருந்தது.

"எப்பிடி இருக்கு மாப்ளே?" என்றார் மச்சான், பெருமையாக.

"அருமையான எஞ்சின் மச்சான்" என்றேன். அவர் வீட்டுக் காபி அப்போதுதான் தொண்டையில் இறங்கியிருந்தது. வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலை அந்த எஞ்சின் மாலையும் கழுத்துமாக மாட்டு வண்டியில் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. மாப்பிள்ளை வாயால் ஒரு பொருளை அருமை என்று சொல்லிவிட்டால் அதை அவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது என் மனைவி வீட்டார் வழக்கம். முந்தின நாள் அது என் புத்தியில் உறைக்கவில்லை. பெட்ரோல் துணியால் தகட்டைத் துடைத்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்.

"திருப்பி அனுப்பிரவா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அனுப்பிட்டு, எங்க அண்ணன் மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறதாம்?"

"பூவுக்குத் தண்ணி?"

"அதெல்லாம் அண்ணன் பாத்துக்கிடும். அது அம்புட்டு ஆசையா அனுப்பியிருக்கு."

கொடைரோட்டு எஞ்சின் எச்சாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இது எல் என்பது நிச்சயம், ஆனால் வேண்டாம் என்றால் உறவு முறியும். படுத்தால் எச், எழுந்தால் எல். கடைசியில், இந்தத் தகடும் யாரோ மாற்றி அடித்ததாக இருக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, மச்சானுடைய எஞ்சினையே காரில் ஏற்றினேன்.

சோழவரத்தில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். மறுபடியும் கடைசி. வெட்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றவே எனக்கு மனமில்லை. ரயிலேறிப் பார்க்க வந்திருந்த மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்காமல் பானெட்டைத்தான் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா மாப்ளே?"

"முடிஞ்சிருச்சு மச்சான். மன்னிச்சுக்கங்க."

"அது கெடக்குது. இதைக் கழட்டித் தருவீங்களா? பாதிப் பூ கருகிப்போச்சு."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். "வேணும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நான் எப்பிடிச் சொல்றது? குடுத்தவனே திருப்பிக் கேக்க முடியுமா? 'இருக்கட்டும் மச்சான், ஒங்களுக்குத்தான் தேவை'ன்னு நீங்க திருப்பி அனுப்பிருவீங்கன்னு நெனச்சேன். எஞ்சினோட வண்டி திரும்பி வரும்னு அன்னைக்குப் பூராவும் கெணத்து மேட்டுலயே ஒக்காந்திருந்தேன் மாப்ளே."

எனக்கு அழுகைதான் வந்தது. அங்கேயே ஸ்பானரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தேன்.